ஷிப்ட் மாறும் வீட்டில் மனசைப் பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் வழியில் பார்த்துக்கொண்டால், "சாப்டாச்சா?" என்று கேட்பதற்கு முன்னால் "இந்த வாரம் என்ன ஷிப்ட்?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களும் அதையேதான் கேட்பார்கள். "நைட்" என்று பதில் வந்தால், "அப்போ அவரு வர மாட்டாரு, நீயாவது பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி... ஒரு பக்கம் சென்னை சென்ட்ரலிலிருந்து வரும் புறநகர் ரயில் பாதை, இன்னொரு பக்கம் கொல்கத்தாவுக்குப் போகும் நெடுஞ்சாலை. சுற்றிலும் நெல் வயல், ஏரி, அப்புறம் கம்பெனிகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குகிற, கம்பி உருட்டுகிற ஆலைகள் நிறைய. கொஞ்சம் தள்ளி தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட். காலை 6 முதல் 2 மணி வரை ஃபர்ஸ்ட் ஷிப்ட், 2 முதல் இரவு 10 வரை செகண்ட், 10 முதல் மறுநாள் காலை 6 வரை நைட். பெரும்பாலான வீடுகளில் இது வாரா வாரம் மாறும். ஒரு வீட்டில் அப்பாவுக்கு நைட், பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் என்றால் அந்த வாரம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம்.

என் வீட்டுக்காரர் 19 வருஷமாக ஒரு ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறேன். பெண் கல்லூரியில், பையன் பத்தாம் வகுப்பில். அத்தை எங்களோடு இருக்கிறார். 'மனநலம்' என்றால் சிரித்த முகமாக இருப்பது, நல்லதையே நினைப்பது, தியானம் செய்வது என்றெல்லாம் மொபைலில் நிறைய வருகிறது. எங்கள் மாதிரி வீடுகளில் அது வேறு இடத்தில் தொடங்குகிறது. எப்போது தூங்குகிறோம், எப்போது சாப்பிடுகிறோம், எப்போது வெயிலைப் பார்க்கிறோம், யாரோடு பேசுகிறோம். இந்த நாலும் கெட்டுப்போனால், எவ்வளவு நல்ல மனசும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது. பழத்தில் மொய்க்கும் சின்ன ஈக்களை வைத்து, உயிர்களின் செல்லுக்குள் ஒரு நாள் கணக்கில் ஓடும் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காக. மனிதனுக்கும் அந்தக் கடிகாரம் உண்டு. எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது பசிக்கவேண்டும், எப்போது உடம்பின் சூடு இறங்கவேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். அதற்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். இருட்டினால் மெலடோனின் என்ற சுரப்பு கூடி, தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும். காலை வெளிச்சம் பட்டால் அது இறங்கிவிடும்.

நைட் ஷிப்டில் இருப்பவர் இந்தக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறார். விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணிவரை உடம்பு 'படு படு' என்று கெஞ்சும் நேரம். அப்போது அவர் ஃபர்னஸ் முன்னால் நிற்கிறார். காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தால், 'விடிஞ்சாச்சு, எழுந்திரு' என்று அதே உடம்பு எழுப்பிவிடும். ஒரு வாரத்தில் கொஞ்சம் பழகிவருகிற நேரத்தில் ஷிப்ட் மாறிவிடும்.

தூக்கம் கெட்டால் எரிச்சல் வரும் என்பது கைக்குழந்தை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். அது மாதக்கணக்கில் தொடர்ந்தால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமாகிறது. மனச்சோர்வு வந்துவிட்டால் தூக்கம் இன்னும் கெடும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போகும்.

எங்கள் வீட்டில் நடந்தது

அந்த வருஷம் கம்பெனியில் வேலை அதிகம். ஆள் குறைவு. ஷிப்ட் முடிந்து கிளம்பலாம் என்றால் ரிலீவர் வரமாட்டார். ரிலீவர் வராவிட்டால் மெஷினை விட்டு வரமுடியாது. அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டியதுதான். 16 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். ஓ.டி. காசு வந்தது, அதை மறைக்கவில்லை. பெண்ணின் கல்லூரிக் கட்டணம் அதில்தான் கட்டினோம்.

முதலில் போனது தூக்கம். லீவு நாளில்கூட படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்புறம் சாப்பாடு, இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. மிக்ஸி சத்தத்துக்கும் டி.வி. சத்தத்துக்கும் கத்துவார். கத்தி முடித்ததும் அவரே ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். தூண்டில் போடுவதில் அவருக்கு அப்படி ஒரு பிரியம். ஆரணி ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆறு, மற்ற நாட்களில் ஏரி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்களோடு கிளம்பிவிடுவார். அந்தத் தூண்டில் பரண்மேல் போனது. நண்பர்கள் வாசலில் வந்து கூப்பிட்டால், "தூங்குறேன்னு சொல்லிடு" என்பார்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணு பட்டிருக்கிறது என்றார் அத்தை. வயசு 45 ஆனால் ஆம்பிளைகள் இப்படித்தான் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. குடிதான் காரணம் என்றார் என் அண்ணன். நைட் முடிந்து வரும்போது தூக்கம் வரட்டும் என்று கொஞ்சம் குடித்துவிட்டு வரும் பழக்கமும் அப்போது சேர்ந்திருந்தது.

ஒருநாள் சாயங்காலம், ஷிப்டுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "காலையில கண்ணு முழிக்கவே இஷ்டமில்லம்மா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை.

அத்தைக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் மாதாமாதம் வீட்டுக்கு வருவார். 2021 ஆகஸ்ட்டில் அரசு தொடங்கிய திட்டம் அது. அவரிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னேன். "அண்ணனை ஒருதடவை அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவுல காட்டிடுங்கக்கா. சர்க்கரைக்குக் காட்டற மாதிரிதான். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல" என்றார். அத்தை சொன்னபடி சிறுவாபுரி முருகன் கோயிலுக்கும் போனோம். அந்தப் பெண் சொன்னபடி மருத்துவமனைக்கும் போனோம். இரண்டுக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் தூக்கம், சாப்பாடு, குடி, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நேராகவே, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "சில நேரம்" என்றார். இத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்தவள் நான். அந்த இரண்டு வார்த்தை எனக்கு அன்றுதான் தெரியும். அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா என்று பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆகாது, கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, மனசில் இருப்பதை இறக்கி வைக்க ஒரு இடம்தான் கிடைக்கிறது என்று விளக்கினார். மனநல மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான்.

மனச்சோர்வு என்று பெயர் சொன்னார். ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு கோளாறும் இதே மாதிரி ஆளைச் சோர்வாக்குமாம். மாத்திரை கொடுத்து, வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார்.

முதலில் கை, அப்புறம் மனசு

அடுத்த முறை போனபோது டாக்டர், "முன்னாடி என்ன செஞ்சா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?" என்று கேட்டார். "தூண்டில்" என்றார் இவர். "வாரத்துல ஒருநாள் அரைமணி நேரம் தூண்டிலோட போய் உட்காருங்க." இவர், "மனசு சரியானதும் போறேன் சார்" என்றார். "சரியாகட்டும்னு காத்திருந்தா நாள்தான் போகும். பிடிக்கலைன்னாலும் போங்க. போகப் போகத்தான் மனசு வரும்" என்றார் டாக்டர்.

எனக்கு இது புதிதாக இருந்தது. உற்சாகம் வந்தால்தான் வேலை நடக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். சோர்ந்த மனசுக்கு இது தலைகீழ். ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கப் படுத்திருக்க சோர்வு கூடும். சோர்வு கூடக் கூட இன்னும் படுத்திருப்போம். அந்த வட்டத்தை வெட்ட, சின்னதாக ஒரு செயலை நாள், நேரம் குறித்துச் செய்வது ஒரு சிகிச்சை முறையாகவே இருக்கிறது. கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பு, டாக்டர் விக்ரம் படேல் தலைமையில், இதை ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்து பார்த்தது. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு ஆறு முதல் எட்டு சந்திப்புகள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாகின.

முதல் ஞாயிறு இவர் பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டார். இரண்டாவது வாரம் போகவே இல்லை. மூன்றாவது வாரம் பையனையும் கூட அனுப்பினேன். நாலைந்து வாரம் கழித்து ஒருநாள் கையகல ஜிலேபி மீன் ஒன்றைக் கொண்டுவந்து, "குழம்புக்கு ஆகாது, வறுத்துடு" என்றார். வெகுநாள் கழித்து அவர் வாயால் இது வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டில் மாற்றியவை

தூக்கம்: ஷிப்ட் பார்க்கிறவரின் தூக்கம் அவர் ஒருத்தர் வேலை இல்லை, வீட்டின் வேலை. தெருப்பக்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் இரட்டையாகத் தைத்து திரை போட்டேன். எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பகலில் அடுப்பு மாதிரி காயும். கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததில் கொஞ்சம் தணிந்தது. மொபைல் சமையலறையில்தான் சார்ஜில் இருக்கும், படுக்கைப் பக்கம் வராது. பகல் 1 மணிவரை மிக்ஸி இல்லை. அவர் தூங்கும் நேரத்தில் கேட்டில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். மீன்காரம்மாகூட அதைப் பார்த்தால் எங்கள் வாசலில் குரல் கொடுக்க மாட்டார். இப்போது எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் துண்டு தொங்குகிறது.

வெளிச்சம்: தூங்கி எழுந்ததும் வெளியே போகவேண்டும். நைட் வாரத்தில் மதியம் எழுந்தாலும் சரி, கொஞ்ச நேரம் வெயில் முகத்தில் படவேண்டும். கடைக்குப் போவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, எதுவானாலும்.

டீ: ஷிப்டில் கடைசி டீ விடியற்காலை 2 மணிக்குள். டீ, காபியில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் குடித்த டீ, 8 மணிக்குப் படுக்கையில் கூடவே படுத்திருக்கும்.

குடி: இதுதான் கஷ்டமானது. குடித்தால் சீக்கிரம் கண் அசரும், உண்மை. ஆனால் அந்தத் தூக்கம் துண்டு துண்டாக உடையும். ஆழ்ந்த ஓய்வு கிடைக்காது. மனச்சோர்வு மாத்திரையோடு அது சேரவும் கூடாது. டாக்டர் சொன்ன பிறகு குறைந்து, பல மாதம் கழித்து நின்றது. இரண்டு தடவை திரும்பவும் வந்தது. அப்போது சண்டை போடாமல் அடுத்த மருத்துவமனைத் தேதியை முன்னால் நகர்த்தினோம்.

ஒருவேளைச் சாப்பாடு: மூன்று ஷிப்டுக்கும் பொதுவாக ஒரு நேரம் கிடையாது. அதனால் ஃபர்ஸ்ட் என்றால் இரவு 8 மணி, செகண்ட் என்றால் காலை டிபன், நைட் என்றால் சாயங்காலம் 6 மணி என்று வைத்துக்கொண்டோம். அந்த ஒருவேளை எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். டி.வி. கிடையாது. அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தையாவது ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். பையன் "ஒண்ணும் நடக்கல" என்பான். அதுவும் கணக்கில் உண்டு.

நடை: ஷிப்டில் நின்றதெல்லாம் நடை ஆகாது. அங்கே சூடும் சத்தமும்தான். லீவு நாளிலும் செகண்ட் ஷிப்ட் வாரக் காலைகளிலும் அரைமணி நேரம் நடக்கிறார். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடக்கும்போது கூட ஒரு நண்பர் வருகிறார். கால் நடப்பதைவிட வாய் நடப்பது அதிகம். அதுவும் மருந்துதான்.

வண்டி: நைட் முடிந்ததும் உடனே பைக்கை எடுப்பதில்லை. கம்பெனியிலேயே பதினைந்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, முகம் கழுவிவிட்டுத்தான் கிளம்புகிறார். நெடுஞ்சாலையில் லாரிக்கு நடுவே தூக்கக் கலக்கத்தில் வருவதைவிட அந்த நேரம் போனால் போகட்டும்.

எல்லாவற்றையும் தினசரிக் காலண்டரில் எழுதிவைக்கிறேன். என்ன ஷிப்ட், எத்தனை மணி நேரம் தூங்கினார், நடந்தாரா. டாக்டரிடம் போகும்போது அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துப் போனால் போதும், ஞாபகத்தைத் துருவவேண்டாம்.

மூன்று ஷிப்டும் பார்க்கும் ஒருத்தி

இதை எழுதும்போது என் போன்ற பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் ஒரு வாரம் ஒரு ஷிப்டில் இருக்கிறார். வீட்டில் இருப்பவள் எல்லா ஷிப்டிலும் இருக்கிறாள். ஃபர்ஸ்ட் என்றால் காலை 4 மணிக்கு எழுந்து கேரியர் கட்டவேண்டும். செகண்ட் என்றால் இரவு 11 மணிக்குச் சாப்பாடு சூடு பண்ணவேண்டும். நைட் என்றால் பகலெல்லாம் வீட்டைச் சத்தமில்லாமல் வைத்திருக்கவேண்டும். நடுவில் பிள்ளைகளின் பள்ளி, பெரியவர்களின் மாத்திரை. கம்பெனி வேனில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதோடு எட்டு மணி நேரம் அங்கேயும் நிற்கவேண்டும்.

இவருக்கு உடம்பு தேறிவந்த சமயத்தில் எனக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. டாக்டரிடம் கேட்டபோது, "நோயாளியைப் பார்த்துக்கிறவங்களுக்கும் இது வரும். நீங்க எப்ப தூங்குறீங்க?" என்று கேட்டார். அதுவரைக்கும் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எனக்கும் சில ஏற்பாடு. இரவு 8 மணிக்கு மேல் மெஷின் மிதிப்பதில்லை. செகண்ட் ஷிப்ட் வாரத்தில் சாப்பாட்டை மேசையில் மூடிவைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்; அவரே சூடு பண்ணிச் சாப்பிட்டுப் பாத்திரத்தைத் துலக்கிவைப்பார். ஃபர்ஸ்ட் வாரத்தில் பெண்ணும் பையனும் ஆளுக்கொரு நாள் என்னோடு எழுந்திருக்கவேண்டும். சாயங்காலம் 20 நிமிஷம் பக்கத்து வீட்டு அக்காவோடு ஏரிக்கரை வரை நடை. அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் "வந்து பார்க்கறேன்" என்றுதான் பதில். வீட்டு வேலையைப் பிரித்துக்கொள்வதைவிடப் பெரிய மனநல மருந்து பெண்களுக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

பழக்கத்தால் ஆகாதது

பழக்கத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 16 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, "நீ சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான்" என்று ஒருவரைச் சொல்வது நியாயமில்லை. வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பதெல்லாம் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அன்று எங்கள் தெருவில் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் அதிகம்.

வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடச் சுமார் 35 சதவிகிதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. ஷிப்டை ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்ற வரிசையில் முன்னோக்கி மாற்றினால் உடம்பு கொஞ்சம் எளிதாகப் பழகும். தலைகீழாக மாற்றினால் சிரமம் என்பதும் தூக்கத்தைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். காசு செலவில்லாத மாற்றம் அது. கம்பெனியில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒருதடவை யோசிக்கட்டும்.

எங்கள் வீட்டில் செய்தது, மாதத்துக்கு இத்தனை ஓ.டி.தான் என்று ஒரு எல்லை வைத்தது. வருமானம் குறைந்தது. சீட்டு ஒன்றை நிறுத்தினோம். வண்டி வாங்கும் ஆசையைத் தள்ளிப்போட்டோம். எல்லா வீட்டுக்கும் இது முடியாது. கான்ட்ராக்ட்டில் இருப்பவருக்கு "முடியாது" என்று சொல்லும் உரிமைகூட இல்லை. அதுவும் தெரிந்துதான் சொல்கிறேன்.

எப்போது உதவி கேட்பது?

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் சிகிச்சைக்கே போகாதவர்கள். காய்ச்சலுக்கு மூன்று நாள் பார்க்கிறோம் இல்லையா? அதுபோல மனசுக்கு இரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கமோ பசியோ மாறிப்போவது, வேலையில் கவனம் நிற்காதது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு இவை தொடர்ந்தால் காட்டிவிடுவது நல்லது. 'இருக்கவே பிடிக்கலை' என்ற வார்த்தை வந்தால் இரண்டு வாரமும் வேண்டாம், அன்றைக்கே. அந்த நேரத்தில் அவரைத் தனியாக விடாமல் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும்.

எங்கே போவது? திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. புறநோயாளியாகக் காட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு வருகிறவர்களும் அங்கே உண்டு. இ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்களுக்கு மனநல சிகிச்சையும் அதிலேயே அடக்கம். உடம்பு நோய்க்குக் கொடுப்பதுபோல மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு கொடுக்கவேண்டும் என்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் போனில் பேசலாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. நைட் ஷிப்டில் விடியற்காலை 3 மணிக்கு மனசு கனத்தாலும் எடுப்பார்கள். தமிழ் மட்டுமில்லாமல் இந்தி, ஒடியா, வங்காளம் உட்படப் பல மொழிகளில் பேசலாம். எங்கள் பக்கத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கி வேலை பார்க்கும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கப் பையன்கள் ஏராளம். பேச்சுத் துணைக்குக் கூட ஆள் இல்லாதவர்கள். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் இந்த எண்ணைச் சொல்லிவையுங்கள். சென்னையில் 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் 'சிநேகா' அமைப்பின் எண் 044-24640050.

என் வீட்டுக்காரர் இப்போதும் ஷிப்ட்தான் பார்க்கிறார். மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். நைட் வாரங்களில் முகம் இன்னும் கொஞ்சம் வாடும், காலண்டரில் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மூன்று நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் நானே "இந்த வாரம் ஓ.டி. வேண்டாங்க" என்பேன். முணுமுணுப்பார், ஆனால் கேட்டுக்கொள்வார்.

உங்கள் வீட்டில் ஷிப்ட் இல்லாமல் இருக்கலாம். ஐ.டி. வேலை, ஆஸ்பத்திரி டியூட்டி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, கைக்குழந்தைக்காரி என்று ஏதோ ஒரு தூக்கம் கெட்டவர் எல்லா வீட்டிலும் இருப்பார். இன்றைக்கு அவரிடம், "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே அறிவுரை சொல்லவேண்டாம். பதில் வரும்வரை கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.